தூரிகை கேள்வி பதில்: விரல் தழும்பு இருக்கட்டும்

கேள்வி: என் அம்மா 30 வருடம் சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்தவர். போன வருடம் தவறிவிட்டார். பழைய ஐரோப்பிய பரோக் பாணியில், இருட்டுக்குள்ளிருந்து முகம் தெரிகிற மாதிரி அவரை எண்ணெய் ஓவியமாக வரையச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் மண்டை ஓடும் மெழுகுவர்த்தியும் வைக்கலாம் என்கிறார் ஓவியர். வீட்டுப் பெரியவர்களோ மண்டை ஓடு கூடவே கூடாது, விரல் தழும்புகளை மறைத்து, கழுத்து நிறைய நகை போட்டு வரையட்டும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- வாசகி, அம்மாபேட்டை

பதில்: நகை வேண்டாம் சகோதரி. தழும்பு இருக்கட்டும்.

ஓவியர் மேல் தவறில்லை. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் மண்டை ஓடு, மணற்கடிகாரம், வாடும் பூ இவற்றை மேசையில் பரப்பி நிலையாமையைச் சொன்னார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குப் பார்த்ததுமே புரிந்தது. உங்கள் கூடத்தில் மாட்டினால் வருகிறவர்கள் மண்டை ஓட்டைத்தான் பார்ப்பார்கள். அம்மாவின் பட்டறைப் பலகையில் என்னென்ன இருந்தன என்று யோசியுங்கள். ஊதுகுழல், இடுக்கி, கோக்காத சலங்கைகள், மதியச் சாப்பாட்டுத் தூக்கு. பாதி முடிந்த கொலுசு ஒன்றை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் அடையாளம் தேட வேண்டாம்.

மெழுகுவர்த்தியும் தேவையில்லை. அவர் முகத்துக்கு முன்னால் தினமும் ஒரு சுடர் எரிந்ததே! பிரான்ஸில் ஜார்ஜ் த லா தூர் (1593-1652) என்று ஓர் ஓவியர். அவருடைய ‘தச்சர் யோசேப்பு’ என்ற படம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். யோசேப்பு குனிந்து மரத்தைத் துளைக்கிறார். எதிரே சிறுவன் இயேசு மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துப் பிடித்திருக்க, விரல்கள் வெளிச்சம் ஊடுருவிச் சிவந்திருக்கின்றன. படம் முழுக்க அந்த ஒரு சுடரின் வெளிச்சம்தான். வேலை செய்கிற ஒருவரின் நெற்றியை அவ்வளவு மரியாதையாக வரைந்த படத்தை நான் வேறு பார்த்ததில்லை. இதை உங்கள் ஓவியரிடம் காட்டுங்கள். பற்றவைக்கும் சுடரின் வெளிச்சம் அம்மாவின் தாடையிலும் விரல்களிலும் விழட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. இத்தாலிய பரோக் ஓவியர் கரவாஜியோ ரோமில் ஒரு தேவாலயத்துக்கு மாதாவை வரைந்தபோது, அவள் முன் மண்டியிட்ட யாத்திரிகரின் அழுக்குப் பாதங்களைப் படத்தின் முன்னாலேயே வைத்தார். நடந்து வந்தவரின் கால் அப்படித்தான் இருக்கும். 30 வருடம் நெருப்போடு இருந்த கையும் அப்படித்தான்.

பின்னணியைப் பற்றி ஒன்று. நான் சினிமா பேனர் வேலையிலிருந்து எண்ணெய் ஓவியத்துக்கு வந்தவன். முதல் உருவப்படத்தில் டியூபிலிருந்து ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணத்தைப் பிதுக்கி, பின்னணி முழுக்கத் தடியாக அப்பினேன். அதன் மேலேயே மற்ற வண்ணங்களை ஏற்றினேன். அந்தக் கறுப்பு மெதுவாகக் காயும். மேலே பூசியது முந்திக் காய்ந்து, சில மாதங்களில் வெடிப்பு விட்டது. பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பு சீக்கிரம் காயும். அதைச் சன்னமாக முதலில் பூசி, அப்புறம் மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். நிழல் மெலிசாகவும் வெளிச்சம் தடிப்பாகவும் இருந்தால் இருட்டுக்கு ஓர் ஆழம் வரும்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். தாத்தாவை இதே பாணியில் வரைகிறேன். காப்பித் தோட்டத்தில் எடுத்த போட்டோவில் முகத்தில் நிழலே விழவில்லை. மழைக்காலத்தில் வண்ணமும் காய மறுக்கிறது.
- வாசகர், ஏற்காடு

பதில்: மூடுபனி வெளிச்சத்தை நாலு பக்கமும் சிதறடித்துவிடும். இந்தப் பாணிக்கு அது ஒத்துவராது. தாத்தாவை உள்ளறையில் உட்கார வையுங்கள். ஒரே ஒரு ஜன்னலைப் பாதி திறந்து, மற்றதையெல்லாம் போர்வையால் மூடிவிட்டுப் பாருங்கள். மூக்கின் மறுபக்கம் இருட்டி, கன்னத்தில் சின்ன முக்கோணமாக வெளிச்சம் நின்றால் சரி. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் பெயரைச் சொல்லி போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் இன்றும் வைக்கிற வெளிச்சம் அதுதான்.

எண்ணெய் வண்ணம் நீர் வற்றுவது போலக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். படத்தை பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், இருட்டில் எண்ணெய் மஞ்சளிக்கும். ஈரச் சுவரில் சாய்க்காமல், வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்தில் நிறுத்துங்கள். வார்னிஷுக்குக் குறைந்தது 6 மாதம் பொறுங்கள். தடிப்பாகப் பூசியிருந்தால் ஒரு வருடம்.