மேடையில் வைத்த கோட்டு

அன்புள்ள ஐயா,

2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் கூட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், மனைவியையும் இரண்டு மகள்களையும் காப்பதற்காகக் குறுக்கே பாய்ந்து இறந்த கோரி கம்பரட்டோர் பற்றி அப்போது நிறையப் படித்தேன். எல்லாரும் அவரைத் 'தன்னார்வத் தீயணைப்பு வீரர், குடும்பஸ்தர்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்கள். ஐந்து நாள் கழித்து மில்வாக்கியில் நடந்த டிரம்ப் கட்சி மாநாட்டு மேடையில் அவருடைய கோட்டையும் ஹெல்மெட்டையும் வைத்திருந்தார்கள். நம் ஊரில் இது அரசாங்க உத்தியோகம். அங்கே ரத்ததானம் மாதிரி எப்போதாவது செய்கிற சேவையா? அவர் என்னதான் செய்திருப்பார்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

எப்போதாவது செய்வதல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே இன்னொரு வேலைக்கும் போவது. இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. பிழைப்புக்கு அவர் தொழிற்சாலைப் பொறியாளர். ஊருக்கு, பஃபலோ டவுன்ஷிப் என்ற சிற்றூர்ப் பகுதியின் தன்னார்வத் தீயணைப்புக் கம்பெனியின் முன்னாள் தலைவர். இறக்கும்போது வயது 50. அமெரிக்கத் தீயணைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இவரைப் போன்றவர்கள்தான். 'கம்பெனி' என்பதில் வியாபாரம் ஒன்றுமில்லை. 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் கூட்டாளிகளும் தோல் வாளியும் துணிப்பையும் கைக்காசில் வாங்கிவைத்துத் தொடங்கிய யூனியன் தீயணைப்புக் கம்பெனி காலத்து வழக்கு அது. வாளி தண்ணீருக்கு, பை எரிகிற வீட்டிலிருந்து சாமான்களை அள்ளிக்கொண்டு வர.

நீங்கள் பார்த்த கோட்டு மூன்று அடுக்கு. வெளியே எளிதில் தீப்பற்றாத முரட்டுத் துணி, நடுவில் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு, உள்ளே வெப்பத்தைத் தாமதப்படுத்தும் மெத்தை. உண்மையில் காப்பது துணியைவிட அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான். அதனால் முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரின் பட்டை தோளை அழுத்துகிற இடத்திலும், முட்டி போட்டுத் தவழும்போது முழங்காலிலும் முதலில் சுடும். ஹெல்மெட்டின் பின்விளிம்பு நீண்டிருப்பது, கூரையிலிருந்து ஒழுகும் வெந்நீர் பிடரிக்குள் இறங்காமல் இருக்க.

முதுகில் இருப்பதை நம் பத்திரிகைகள் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றே எழுதும். அது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. முப்பது நிமிடம் என்று எழுதியிருக்கும்; மூச்சிரைக்க வேலை செய்தால் பதினைந்து, இருபதுதான் வரும். மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே புதிய கருவிகளில் எச்சரிக்கை அடிக்கும். அந்த மிச்சம் வெளியே வருவதற்கானது, 'இன்னும் ஒரு அறை பார்த்துவிடுகிறேன்' என்பதற்கானது அல்ல. ஆள் அரை நிமிடம் போல அசையாமல் கிடந்தால் இடுப்பிலோ பட்டையிலோ உள்ள கருவி தானே அலறத் தொடங்கும்.

ஆனால் நாட்டுப்புறக் கம்பெனிகளில் உண்மையான சவால் தண்ணீர். தீயணைப்பு வண்டியை இணைக்கும் தெருக்குழாய் இல்லாத இடங்களில் வண்டி கொண்டுவந்ததுதான் கையிருப்பு. ஆயிரம் கேலன், அதாவது ஏறக்குறைய 3,800 லிட்டர் என்று வையுங்கள். 1¾ அங்குல ஹோஸ், அதாவது தண்ணீர் அடிக்கும் குழாய், ஒன்று நிமிடத்துக்கு 150 கேலன் குடித்தால் ஏழு நிமிடம்கூடத் தாங்காது. அதற்குள் அடுத்த ஊர் டேங்கர் வந்து, மடக்கித் திறக்கும் தொட்டியில் கொட்டிவிட்டுத் திரும்ப ஓட வேண்டும். தொட்டியிலிருந்து பம்ப் உறிஞ்சும். கிணற்று மோட்டார் வைத்திருக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் எதுவும் புதிதல்ல: இணைப்பில் வாஷர் சரியில்லை என்றால் ஏர் பிடித்துவிடும், உறிஞ்சுகுழாயின் வலைமுனை போதிய ஆழத்தில் மூழ்காவிட்டால் சுழி விழுந்து காற்று உள்ளே போகும். எரிகிற வீட்டுக்குள் இரண்டு பேர் ஹோஸின் முனையான நாசிலைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பம்பில் நிற்பவர் மனக்கணக்குக்காரராக இருக்க வேண்டும். அதே ஹோஸ் 200 அடி நீளம் என்றால் உராய்விலேயே 70 பிஎஸ்ஐ அழுத்தம் போய்விடும். நாசிலுக்கு 100 வேண்டும் என்றால் பம்பில் 170 வைக்க வேண்டும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் உராய்வு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. குறைத்துவைத்தால் தீயைத் தொடாது, கூட்டிவைத்தால் நாசில்காரரைத் தூக்கி எறியும். புகைக்குள் போக உடம்பு ஒத்துழைக்காத வயதில் பலர் இந்த இடத்துக்கு வருகிறார்கள். அதைப் பதவியிறக்கம் என்று நினைப்பவர் பம்ப் ஓட்டிப் பார்த்ததில்லை.

இனி 'குடும்பஸ்தர்'. இதைத் தனிச் சொல்லாக எழுதியதுதான் எனக்கு உறுத்தியது. இரவு இரண்டு மணிக்கு, தீயணைப்பு அழைப்பைச் சொல்லும் பேஜர் அடித்தால் வீடே எழும். அவர் ஸ்டேஷனுக்குப் போய், உடுத்தி, வண்டியெடுத்து, தீக்கு வர வேண்டும். யுஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் ஆய்வகச் சோதனையில் பழைய மரச்சாமான் அறை முழுதும் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஃபோம் சோபா போட்ட அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. ஆகவே வீட்டில் யாரும் 'காபி குடித்துவிட்டுப் போ' என்று சொல்வதில்லை. பென்சில்வேனியாவில் சொந்தக் காரில் நீல விளக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது மற்றவர்களிடம் வழி கேட்பது மட்டுமே. சிவப்பு சிக்னலில் நிற்கத்தான் வேண்டும். பயிற்சிகள், வண்டிச் செலவுக்காகக் கோழி வறுத்து விற்கிற நாள்கள், பிங்கோ என்ற எண் விளையாட்டு இரவுகள் எல்லாம் குடும்ப நேரத்திலிருந்து போகிறவை. பெரும்பாலும் குடும்பமும் அங்கேயே நின்று பரிமாறும்.

புகைக்கரி படிந்த கோட்டைக் காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது ஒரு காலத்தில் பெருமை. 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்துவிட்டது. இப்போது சம்பவ இடத்திலேயே தண்ணீர் அடித்துக் கழுவி, பையில் கட்டித்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். பணியில் இறப்பவர்களில் மிகப் பலர் இறப்பது தீயால் அல்ல, மாரடைப்பால். அழைப்புக்குப் போய்வந்து 24 மணி நேரத்துக்குள் மாரடைப்பு வந்து இறந்தாலும் பணியில் இறந்ததாகவே கொள்ளும் சட்டம் 2003இல் வந்தது.

பென்சில்வேனியாவில் 1970களில் மூன்று லட்சம் தன்னார்வலர்கள் இருந்ததாகவும், அது 38,000க்கு இறங்கிவிட்டதாகவும் 2018இல் அந்த மாநிலச் சட்டமன்றம் அமைத்த குழு சொன்னது. வேலை நாளில் பகல் இரண்டு மணிக்குப் பேஜர் அடித்தால் வண்டி நிற்கும், எடுக்க ஆள் தேட வேண்டும்.