வெள்ளத்தில் செல்போன் சிக்னல் போனால் அரசுக்குத் தனி நெட்வொர்க் தேவையா?

முழு நெட்வொர்க்காக வேண்டாம். மிக்ஜாம் புயலில் சிக்னல் போனதைக் காட்டி, அரசுக்கென்றே தனி டவர், தனி சிம் வேண்டும் என்று அறிக்கையில் பரிந்துரைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணம் போதாது.

2015, 2023 இரண்டு டிசம்பர்களிலும் சென்னையில் சிக்னல் போனதற்கு முக்கியக் காரணம் மின்சாரம். கரண்ட் இல்லை, பேட்டரி தீர்ந்தது, தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் டீசல் கொண்டுபோக வழியில்லை. அரசு கட்டும் டவரும் அதே வேளச்சேரியில், அதே தண்ணீரில்தான் நிற்கும்.

எழுதுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகம், தாலுகா அலுவலகங்களை இணைக்கும் டிஎன்ஸ்வான் என்ற அரசு நெட்வொர்க் ஏற்கெனவே இருக்கிறது, மாநில அரசு நிறுவனமான எல்காட் நடத்துகிறது. 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் என்ற இன்னொரு அரசு நிறுவனத்திடம். போலீஸுக்குத் தனி வயர்லெஸ். இவற்றில் எது, எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் நின்றது என்று கேட்டு வாங்குங்கள். மாற்றுப் பாதை என்று சொல்லும் இரண்டாவது கேபிளும் அதே பள்ளத்தில்தான் ஓடுகிறதா என்பதை அவசியம் கேளுங்கள். என் அனுபவத்தில் யாரும் கேட்காத கேள்வி இதுதான்.

செலவைப் பத்து வருடத்துக்குப் போடுங்கள். கட்டுவதற்கு நிதி கிடைத்துவிடும், பராமரிப்புக்குத்தான் கிடைக்காது.

போலீஸ், தீயணைப்பு, 108, சென்னை எழிலகத்தில் உள்ள மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் கதை வேறு. நெரிசலிலும் அவர்கள் அழைப்பு முதலில் போயாக வேண்டும். அமெரிக்காவில் அவசர சேவைகளுக்கென்றே இருக்கும் ஃபர்ஸ்ட்நெட் நெட்வொர்க்கில் அலைக்கற்றை அரசு அமைப்பிடம். கட்டி நடத்துவது ஏடி அண்ட் டி என்ற தனியார் தொலைபேசி நிறுவனம், 2017இல் போட்ட 25 வருட ஒப்பந்தத்தின்படி. இங்கே அலைக்கற்றை ஒதுக்கீடு மத்திய அரசின் கையில் இருப்பதால், மாநிலம் தனியாக இதை முடிவுசெய்ய முடியாது.