பச்சைக் குழந்தைக்கு எந்தப் போர்வை, எந்த மெத்தை? சிஸ்டரிடம் கேளுங்கள்

பிறந்த குழந்தைகள் பிரிவில் 22 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். படுக்கை, போர்வை, தூங்கும்போது போடும் துணி பற்றி மட்டும் கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் கண்ணயராதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: முதல் குழந்தை, இன்னும் மூணு வாரத்துல. எத்தனை போர்வை வாங்கணும்? பருத்தியா, கம்பளியா?

தூக்கத்துக்கு என்றால் ஒன்றுகூட வேண்டாம். தூக்கி வைத்துக்கொள்ள, வெளியே போகும்போது சுற்றிக்கொள்ள, மெல்லிய பருத்திப் போர்வை இரண்டு மூன்று போதும்.

ஏன் வேண்டாம்? முகத்தில் துணி விழுந்தால் நாம் தூக்கத்திலேயே தட்டிவிடுவோம். பச்சைக் குழந்தைக்கு அது வராது. வெளியே விட்ட மூச்சுக் காற்றையே மறுபடி இழுக்கும். அதில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். இன்னொன்று, உடம்போடு ஒப்பிட்டால் பிறந்த குழந்தையின் தலை பெரியது. உடம்பைப் போர்த்தியிருக்கும்போது சூடு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறும். போர்வை தலைக்கு ஏறினால் அந்த வழி அடைபடும். குளிரைவிட அதிகச் சூடுதான் எனக்குப் பயம். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நிகழும் சிசு மரணத்துக்கு அதிகச் சூடும் ஒரு ஆபத்துக் காரணி.

அதனால் கதகதப்பை மேலே போர்த்தாமல் உடுத்திவிடுங்கள். கையில்லாத பை போன்ற உறங்கும் பை கிடைக்கிறது. அதில் 'டாக்' என்று ஒரு எண் இருக்கும், துணி எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்ற அளவு அது. அறை 24 டிகிரிக்கு மேல் என்றால் 0.5, 20 முதல் 24 வரை 1, அதற்கும் கீழே 2.5 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். பையோடு வரும் அட்டையையும் பாருங்கள். உறங்கும் பை போட்டால் மேலே போர்வை கிடையாது.

கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது சகஜம். பிடரியிலோ நெஞ்சிலோ கை வையுங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள்.

கேள்வி: மெத்தை பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கலாமா?

கூடாது. உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள்; பள்ளம் அப்படியே நின்றால் அந்த மெத்தை வேண்டாம். கட்டிலின் ஓரத்துக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது. கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள். இழுத்து மாட்டும் விரிப்பு ஒன்று, அவ்வளவுதான்.

கேள்வி: தலை தட்டையாகாம இருக்க நடுவுல குழி வச்ச தலையணை வாங்கலாமா?

ஒரு வயது வரை தலையணையே கிடையாது. தூங்க வைக்கும்போது தலையை ஒருநாள் வலப்பக்கம், மறுநாள் இடப்பக்கம் திருப்பி வையுங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள்.

கேள்வி: ரொம்ப மெல்லிசான தலையணை?

மேலே பாருங்கள்.

கேள்வி: நாலு பிள்ளைகளைக் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தேன். நாலும் நல்லாத்தான் இருக்கு. மல்லாக்கப் போட்டா எதுக்களிச்சுப் புரையேறாதா?

அம்மா, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே குப்புறத்தான் போட்டேன். அப்போது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், காரணமும் நீங்கள் சொன்ன அதே புரையேறல் பயம்தான். உடம்பின் அமைப்போ நேர்மாறானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே. எதுக்களித்த பால் மேடேறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் போட்டால் மூச்சுக்குழல் கீழே வந்துவிடும்.

1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இந்த வகைச் சிசு மரணம் பாதிக்கும் மேல் குறைந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை, படுக்க வைத்த விதம் மாறியது.

அதே அம்மா: அப்போ நாங்க எல்லாம் தெரியாமத்தான் வளர்த்தோமா?

நானும் உங்கள் கட்சிதானே! அன்றைக்கு நமக்குத் தெரியாது.

நடுவில் ஒருவர்: என் குறைமாதக் குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே குப்புறத்தான் போட்டிருந்தாங்க சிஸ்டர்.

ஆமாம், இருபத்து நாலு மணி நேரமும் மானிட்டர் மாட்டி. வீட்டுக்கு வரும்போது மல்லாக்கத்தான்.

அதே அம்மா: சரி, குப்புற வேண்டாம். போர்வையே இல்லைன்னா மனசு கேக்கலையே.

உறங்கும் பை கைக்கு வரும்வரை ஒரு வழி சொல்கிறேன். குழந்தையின் பாதம் கட்டிலின் கால்மாட்டைத் தொடும்படி கீழே இறக்கிப் படுக்க வையுங்கள். மெல்லிய போர்வை ஒன்று, அக்குளுக்குக் கீழே மார்பளவு மட்டும். ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். முழுத் திருப்தி எனக்கு இல்லை, ஆனால் கழுத்துவரை போர்த்துவதற்கு இது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஸ்வாடில், அதாவது குழந்தையைத் துணியில பொதிஞ்சு சுத்தலாமா?

சுற்றலாம், மல்லாக்கப் படுக்க வைக்கும்போது மட்டும். நெஞ்சுப் பக்கம் உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இடுப்புக்குக் கீழே தளர்வாக விடுங்கள், காலை மடக்கி விரிக்க இடமில்லாவிட்டால் இடுப்பு மூட்டு கெடலாம். புரள முயற்சி தெரிந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: கட்டிலைச் சுத்திப் பஞ்சு பம்பர்? பால் கக்குதுன்னு சாய்வுப் படுக்கை?

இரண்டும் வேண்டாம். 10 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் தாடை நெஞ்சில் சரிந்து மூச்சுக்குழல் மடங்கும். அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே இரண்டின் விற்பனையையும் தடுத்தார்கள். சோபாவும் இதே ரகம்தான், சொல்லிவிட்டேன்.

கேள்வி: கனத்துக்காக உள்ளே பாசிமணி வச்சுத் தைச்ச போர்வை?

நெஞ்சின் மேல் பாரமா? வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்குள்ள தூங்கும்போது தொப்பி?

கழற்றுங்கள்.

கேள்வி: கழுத்துல சிவப்பாத் தடிச்சிருக்கு, என்ன போடலாம்?

டாக்டரிடம் காட்டுங்கள். பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: தலையணை…

இல்லை. இத்தோடு மூன்று.

அதே அம்மா: பேரனுக்கு உறங்கும் பை வாங்கியாச்சு சிஸ்டர். வளருவானேன்னு ஆறு மாசத்து அளவா எடுத்தேன்.

திருப்பிக் கொடுத்து மாற்றுங்கள் அம்மா. கழுத்து அகலமாக இருந்தால் தலை உள்ளே நழுவிவிடும். வயதைப் பார்க்காமல் இன்றைய எடையைப் பார்த்து வாங்குங்கள்.