கோடு ஒரே தடவைதான்: வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டுவது பற்றிக் கேள்வி பதில்

படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் 26 வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறேன். வீட்டிலேயே வெட்டிக்கொள்ள முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பழைய பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடியைக் குளியலறைக்காக இரண்டு அடியாக வெட்டப் பார்த்தேன். கட்டரை அழுத்தி மூன்று தடவை கோடு போட்டும், உடைக்கும்போது கோணலாகப் போய்விட்டது. எங்கே தப்பு? (திருச்சி)

அந்த மூன்று தடவைதான் தப்பு, தம்பி. கட்டர் கண்ணாடியை அறுப்பதில்லை. அதன் நுனியில் இருக்கும் குட்டிச் சக்கரம் மேலே ஒரு மெல்லிய கீறல் போடுகிறது, அவ்வளவுதான். அந்தக் கீறலுக்கு அடியில் நேராக ஒரு விரிசல் இறங்கும். வளைக்கும்போது கண்ணாடி அந்த விரிசல் வழியே பிரியும். அதே கோட்டின் மேல் மறுபடி ஓட்டினால் ஓரம் நொறுங்கிப் பல விரிசல்கள் கிளம்பும். எது வழியாகப் பிரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டரின் சக்கரமும் கெட்டுவிடும்.

சமதளமான மேசையில் நாலைந்து செய்தித்தாள் விரித்து, முகம் தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். பெயிண்ட் பூசிய பின்பக்கத்தில் கோடு போட்டால் சக்கரம் கண்ணாடியையே தொடாது. கோடு போகும் இடத்தை நன்றாகத் துடையுங்கள், ஒரு மணல் துகள் கிடந்தாலும் சக்கரம் துள்ளும். மர ஸ்கேலை வைக்கும்போது, கட்டர் தலையின் பாதி அகலத்தை விட்டு வையுங்கள். ஏறக்குறைய ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரும். இதை மறந்துதான் முக்கால்வாசிப் பேர் அளவைத் தவறவிடுகிறார்கள்.

சக்கரத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் அல்லது தையல் மெஷின் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடியில் ஆரம்பித்து உங்கள் பக்கம், நடுவில் நிறுத்தாமல், ஒரே அழுத்தத்தில் இழுங்கள். ‘சர்ர்ர்’ என்று ஒரே சீராகச் சத்தம் வரவேண்டும். நான் கோட்டைப் பார்ப்பதைவிடச் சத்தத்தைத்தான் கேட்பேன். சத்தம் விட்டுப்போன இடத்தில் கோடு விழவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பொடி கிளம்பினால் அழுத்தம் அதிகம்.

கோடு போட்ட கையோடு உடைத்துவிடுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று விட்டால், அப்புறம் அது அவ்வளவு சுலபமாகப் பிரியாது. கோட்டை மேசை விளிம்புக்கு மயிரிழை வெளியே வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று கீழே அழுத்துங்கள். சிறிய துண்டென்றால் கோட்டுக்கு நேர் கீழே ஒரு தீக்குச்சி வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினாலே போதும். முதல் தடவை நல்ல கண்ணாடியில் கை வைக்காதீர்கள். வேண்டாத துண்டில் பத்துக் கோடு போட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

கடைக்காரர்கள் வெறும் கையால்தானே வெட்டுகிறார்கள்? கையுறை அவசியமா, அண்ணே? (மதுரை)

அவர்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். என் இடது உள்ளங்கையில் இரண்டு அங்குலத் தழும்பு இருக்கிறது. வெட்டும்போது வந்ததில்லை. மேசையிலிருந்து நழுவிய துண்டைப் பிடிக்கப் போனேன். விழுகிற கண்ணாடியை ஒருநாளும் பிடிக்காதீர்கள். கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகருங்கள். கண்ணாடி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

பருத்திக் கையுறை வழுக்கும், உள்ளங்கையில் ரப்பர் பூசிய, வெட்டுத் தாங்கும் கையுறையாக வாங்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காலுக்கு மூடிய ஷூ, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். செருப்போடு நிற்காதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள்.

டஃபண்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியையும் இப்படி வெட்டலாமா? (கோயம்புத்தூர்)

முடியவே முடியாது. அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிரவைத்திருப்பார்கள். மேற்பரப்பு முழுக்க இறுகி நிற்கும். விரிசல் உள்ளே இறங்கினால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகச் சிதறும். அதனால்தான் அளவுக்கு வெட்டிய பிறகே டஃபன் செய்கிறார்கள். மூலையில் பொடி எழுத்தில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள். சாதாரணக் கண்ணாடியிலும் 3 முதல் 5 எம்எம் கனம் வரைதான் வீட்டுக்குச் சரி.

காரைக்குடியில் தாத்தா வீட்டில் பெரிய பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஓரம் உடைந்து கிடக்கிறது. நல்ல பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாமா, ஐயா?

அவசரப்படாதீர்கள். ‘ரசம் போன கண்ணாடி’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ரசம் பாதரசம்தான். அந்தக் காலத்தில் மெல்லிய வெள்ளீயத் தகட்டையும் பாதரசத்தையும் சேர்த்துக் கண்ணாடியின் பின்னால் ஒட்டினார்கள். ஜெர்மனியின் வேதியியலாளர் லீபிக் 1835-இல் வெள்ளி பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகும் பழைய முறை உடனே போய்விடவில்லை. இன்றைய கண்ணாடியில் இருப்பது வெள்ளி, அதன் மேல் பெயிண்ட். உங்களுடையதன் பின்பக்கம் பெயிண்ட் இல்லாமல் சாம்பல் நிற உலோகமாகத் தெரிந்தாலோ, கீழ் ஓரத்தில் பொடிப்பொடியாக மணிகள் திரண்டிருந்தாலோ அது பாதரசமாக இருக்கலாம். வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம். சட்டத்தோடு அப்படியே வையுங்கள். எனக்கென்றால், ஓரம் உடைந்திருந்தாலும் அதைத் துண்டாக்க மனசு வராது.

வெட்டிய ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. குளியலறையில் வைத்த கண்ணாடி ஓரமெல்லாம் கறுத்தும் போகிறது. என்ன செய்ய? (சேலம்)

தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் 120-ஆம் நம்பர் தாள், பிறகு 220, கடைசியில் 400. உலர்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூச்சோடு உள்ளே போகும், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும். பின்பக்க விளிம்பில் மென்மையாகப் போங்கள், பெயிண்ட் பெயரும்.

ஓரம் கறுப்பது ஈரம் வெள்ளியைத் தின்பதால். நன்றாகக் காய்ந்ததும் வெட்டிய ஓரம் முழுக்க நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு கோட் கொடுங்கள். சுவரில் ஒட்டும்போது வினிகர் வாசனை வரும் சிலிகான் வேண்டாம், அந்த அமிலம் வெள்ளியைக் கெடுக்கும். கடையில் ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்குங்கள்.

வட்டமாக வெட்டவும் நடுவில் ஓட்டை போடவும் சொல்லித் தாருங்கள், அண்ணா. (ஈரோடு)

இரண்டையும் கடையில் கொடுத்துவிடுங்கள், தங்கச்சி. நேர்கோடு நூறு போட்ட பிறகு வட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

கை வெட்டிக்கொண்டால்? (புதுச்சேரி)

ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள், கையை உயர்த்தி வையுங்கள். துண்டு ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். சுற்றிலும் அழுத்தியபடி மருத்துவமனைக்குப் போங்கள். விரல் மரத்துப்போனாலோ மடக்க முடியாவிட்டாலோ, ரத்தம் நின்றிருந்தாலும் போயாக வேண்டும். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் அங்கே சொல்லுங்கள்.

மிச்சத் துண்டுகளை எப்படிப் போடுவது? (சென்னை)

இதை ஒருவராவது கேட்டீர்களே என்று சந்தோஷமாக இருக்கிறது. முதலில் தரை. பெரிய துண்டுகளைக் கையுறையோடு எடுங்கள். பிறகு விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள், கண்ணுக்குத் தெரியாத சில்லெல்லாம் மினுக்கும். பிசைந்த கோதுமை மாவு உருண்டையால் ஒற்றி எடுத்து, அந்த மாவையும் சேர்த்துக் கட்டிப் போடுங்கள்.

கடை ஆரம்பித்த புதிதில் பிளாஸ்டிக் பையில் துண்டுகளைக் கட்டித் தெருமுனையில் வைத்திருந்தேன். குப்பை அள்ள வந்த அம்மாவின் விரலைப் பையோடு சேர்த்துக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, எல்லாப் பக்கமும் சிவப்பு மையில் ‘கண்ணாடி’ என்று எழுதுகிறேன். காலையில் வண்டி வந்ததும், உள்ளே கண்ணாடி என்று வாயாலும் சொல்லிக் கையில் கொடுக்கிறேன்.