திங்கட்கிழமை வராத பையன்

கேள்வி: திருப்பூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை நான். ஒன்பதாம் வகுப்பில் 58 பேர். பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். பத்துப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் ராத்திரி பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு வகுப்பில் தூங்குகிறான். இப்போது திங்கட்கிழமைகளில் வருவதும் இல்லை. இவனைப் பார்ப்பதா, மற்ற 57 பேரைப் பார்ப்பதா?

பதில்: டீச்சர், 58 பேரையும் ஒரே மாதிரி கவனிக்க யாராலும் முடியாது. முடியும் என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு இவனைப் பாருங்கள்.

நான் 31 வருடம் கணக்கு வாத்தியார். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனுக்கு மூன்று வாரம் தினமும் ஆப்சென்ட் போட்டேன். கை அதன்பாட்டுக்குப் போட்டது. ஒருவழியாக வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா சொன்னார்: “யாருமே வந்து கேக்கலியே சார், பேரை எடுத்துட்டீங்கன்னு நெனச்சோம்.” அவன் திரும்பி வரவில்லை.

உங்கள் ஊரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். நாலு சனிக்கிழமை வந்துவிட்டால் அந்தப் பணத்துக்கென்று வீட்டில் ஒரு செலவு முளைத்துவிடும். குழுக்கடன் தவணையோ, வாடகையோ. அப்புறம் அவனை மீட்பது கஷ்டம். அதனால் வராத அன்றைக்கே போன் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். போனதும் சட்டம் பேச வேண்டாம். துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டுகிறானா, டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கிறானா, எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் பிடி 14 வயதோடு முடிகிறது. பையன்கள் நழுவ ஆரம்பிப்பதும் அங்கேதான். ஆனால் இந்த வயதுப் பையனைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வீட்டாரோடு பேசிப் பாருங்கள். ஒரு வாரத்தில் அந்த வேலை நிற்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். அடி, மிரட்டல் என்று ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஆனால் நாலு வருடம் கழித்து வரும் பணம் இந்தச் சனிக்கிழமைப் பணத்தோடு மல்லுக்கட்டாது. அதை நம்பி இருக்க வேண்டாம்.

அந்தப் பத்துப் பேர் விஷயம். எழுந்து நின்று வாசி என்று எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். மற்றவர்கள் எழுதும்போது பத்து நிமிடம் இவர்களோடு தனியாக உட்காருங்கள். முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் ரோஷம் வரும். கம்பெனி வாசலில் தொங்குமே, ‘சிங்கர் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’, அதைப் போர்டில் எழுதுங்கள். வீட்டில் பேசுகிற வார்த்தைகள், சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். தூங்குகிறவனையும் இந்தக் கூட்டத்தில் சேருங்கள். முதல் பீரியடு மட்டும் தூங்கட்டும், விடுங்கள்.

வகுப்பைப் பிரிக்கக் கேட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். நடக்க நாளாகும், ஆனாலும் தாளில் இருக்கட்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். எமிஸில், அதுதான் மாணவர் விவரம் ஏற்றும் அரசு இணையப் பதிவில், இருக்கும் போன் நம்பர் பெரும்பாலும் பழசாக இருக்கும். அவன் பக்கத்து வீட்டுப் பையன் யாராவது உங்கள் பள்ளியில் படித்தால், புது நம்பரை அவனிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.