ஏற்காட்டை நடந்தே ஏறுபவருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமில் ஏன் தலை வலிக்கிறது?

இதற்கு உயர நோய் என்று பெயர். உடல் பழகுவதற்குள் மிக உயரத்துக்குப் போய்விட்டால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான் என்பதால் சேலத்துக்காரர்களுக்கு இது அறிமுகமே இல்லை.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எவரெஸ்ட் முகாமிலும் 21 சதவீதமே. குறைவது காற்றழுத்தம். சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு சேரும்போது உப்பி நிற்குமே, கவனித்திருக்கிறீர்களா? வெளியே அழுத்தம் தளர்ந்ததுதான் காரணம். நேபாளப் பக்கத்து முகாம் இருக்கும் 5,364 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது.

அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்குள் கூட்டச் சொல்கிறார்கள். செலவழித்த பணத்தை நினைத்துத் தலைவலியோடு மேலே போவது வீண் பிடிவாதம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும்.

தினமும் ஓடுபவர்களுக்கு இது வராது என்பது தவறு. வேகமாக ஏற முடிவதால் அவர்களும் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள்.