ஓட்டம் இருக்கிறது, திட்டம் இல்லை

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். நான் படித்த கல்லூரியின் கால்பந்து ஆட்டங்களை இன்றும் தவறவிடுவதில்லை. பையன்கள் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் தெருவிலேயே ஆடி வளர்ந்தவர்கள். பந்து காலை விட்டு அகலாது. ஆனால் அணியாக இறங்கிவிட்டால், கோல்கீப்பர் நீளமாக உதைப்பதையும் முன்னால் இருவர் அதைத் துரத்துவதையும் தவிர வேறொன்றும் காணோம். சென்ற ஆட்டத்தில் எதிரணி எங்கள் வலது ஓரமாகவே வந்து மூன்று கோல்கள் போட்டது. இடைவேளைக்குப் பிறகும் அங்கே எந்த மாற்றமும் இல்லை. பயிற்சியாளர் கோட்டருகே நின்று "ஓடு, ஓடு" என்று கத்திக்கொண்டிருந்தார். கல்லூரி அளவில் வியூகத்தை எதிர்பார்ப்பது தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறே இல்லை. உங்கள் ஆற்றாமை முழுக்க நியாயமானது.

ஒரே ஓரத்தில் மூன்று கோல்கள் விழுகின்றன என்றால், பெரும்பாலும் வலது தடுப்பாட்டக்காரர் ஒருவரே எதிரணியின் இருவரைச் சமாளிக்க வேண்டியிருந்திருக்கும். அவருக்கு முன்னால் அதே ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கர், பந்து பறிபோனதும் இறங்கி வராமல் மேலேயே நின்றிருப்பார். நடுக்கள ஆட்டக்காரரும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்க மாட்டார். விங்கரைப் பத்துப் பதினைந்து கஜம் கீழே இறக்குவதற்கு இடைவேளையில் ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் "ஓடு" என்றால், எங்கே ஓடுவது என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

கல்லூரி அணிகளின் சிரமங்கள் எனக்கும் தெரியும். ஆட்டக்காரர்கள் வெவ்வேறு கிளப்புகளுக்கு ஆடிவிட்டுப் போட்டி நெருங்கும்போதுதான் ஒன்றுகூடுகிறார்கள். பழகி வரும்போது படிப்பு முடிந்துவிடுகிறது. பல இடங்களில் உடற்கல்வி ஆசிரியரே எல்லா விளையாட்டுகளுக்கும் பொறுப்பு. ஆனால் நேரம் குறைவு என்பது திட்டமிடாமல் இருப்பதற்கான காரணமாகாது. நேரம் குறைவாக இருப்பவருக்குத்தான் திட்டம் கூடுதலாகத் தேவை. பந்து பறிபோனதும் யார் எங்கே நிற்பது, எதிரணி மைதான மூலையிலிருந்து கார்னர் உதைக்கும்போது யார் யாரைக் காப்பது, கோல்கீப்பர் யாருக்குப் பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது என்ற மூன்றை மட்டும் சில மாலைகளில் பழக்கிவிட முடியும்.

நம் ஊரில் திறமைக்கு என்றுமே பஞ்சமில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர்தான். திறமையைச் சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. பிறகு தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டி வந்தது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அவரை வெளியே உட்காரவைக்காமல், அரையிறுதியிலும் இறுதி ஆட்டத்திலும் முன்வரிசையில் இறக்கினார். இரண்டிலும் ஜர்னைல் கோல் போட்டார். அதே தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை உங்கள் கல்லூரியின் உடற்கல்வித் துறை மனத்தில் கொள்ள வேண்டும். கையில் இருப்பவர்களைக் கூர்ந்து பார்த்து, ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றி யோசிக்கும் அக்கறைதான் அவரிடம் இருந்த பெரிய வசதி.

பயிற்சியாளரை மாற்றக் கோருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். முன்னாள் மாணவர் என்ற உரிமையோடு அவரைச் சந்தித்து, "வியூகம் இல்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், வலது ஓரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். அந்த கோல்கள் யாருடைய செல்போனிலாவது பதிவாகியிருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு முன் பையன்களுக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விங்கர் நிற்கும் இடத்தை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகும் மாற்றமில்லை என்றால் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள். கையெழுத்திட மற்ற முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.